கரண்ட் போனால் கணக்கு ஏன் போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திடீர் மின்தடையால் கடைகளிலும் ஆலைகளிலும் கணினிக் கணக்குகள் அழிந்துபோகின்றன என்றும், அந்த நட்டத்துக்கு மின்வாரியமே பொறுப்பேற்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஒரு வணிகர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் பழி போய்ச் சேர்ந்த இடம் சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. மின்சாரம் எந்த நொடியில் போனாலும், "பதிவாகிவிட்டது" என்று திரையில் ஒருமுறை காட்டிய கணக்கு அழியாமல் காப்பது எப்படி என்பது கணினித் துறைக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி. கணக்குகளை ஒழுங்காகச் சேமித்துவைக்கும் தரவுத்தள மென்பொருள்களில், காசு கொடுக்காமல் கிடைப்பவற்றிலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதை வேகத்துக்காக அணைத்துவைப்பவர்களும், அதன் கோப்புகளை அறியாமல் அழிப்பவர்களும், அதற்குத் துணைநிற்காத மலிவான வட்டுகளை (டிஸ்க்) பொருத்துபவர்களும் தப்பித்துக்கொள்ள, மின்தடை மட்டும் குற்றவாளியாகிறது. மன்னார்குடி வட்டாரத்தில் அரிசி ஆலைகள், உரக்கடைகள், மளிகைக் கடைகளின் கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

டெல்டாவில் மின்சாரம் தடைபடுவதை எவராலும் முழுவதுமாக நிறுத்திவிட முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தப்படும்போது அறிவிப்பு முந்தைய நாளே தங்கள் நாளிதழில் வந்துவிடுகிறது; அதைப் பார்த்து கணினியை முறையாக நிறுத்திவிடலாம். ஆடிக் காற்றில் தென்னை மட்டை முறிந்து கம்பியின் மேல் விழுவதும், ஐப்பசி மழையில் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போவதும் யாருக்கும் சொல்லிவிட்டு நடப்பவை அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது என்ன நடந்தது என்பதை இப்பகுதி மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே இங்கே விற்கப்படும் எந்தக் கணக்கு மென்பொருளும், அடுத்த நொடியே மின்சாரம் போகக்கூடும் என்ற அனுமானத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சம்பா அறுவடை முடிந்து நெல் வரத்து மிகுந்திருந்த நேரம். ஓர் அரிசி ஆலையில், எடைமேடையில் லாரி ஏறி இறங்கியதும் எடையையும் ஈரப்பதத்தையும் பதிந்து ரசீது கொடுக்கும் கணினி, பதிவின் நடுவே மின்தடையால் நின்றுபோனது. அந்த மென்பொருள் 'எஸ்க்யூலைட்' என்னும் தரவுத்தளத்தின்மேல் எழுதப்பட்டது. மின்சாரம் திரும்பியதும், பழுது பார்க்க வந்தவர் கணக்குக் கோப்பு இருந்த ஃபோல்டரைத் திறந்தார். அங்கே 'நெல்.டிபி' என்ற கோப்பும், அதற்குப் பக்கத்திலேயே 'நெல்.டிபி-ஜர்னல்' என்ற இன்னொரு சிறு கோப்பும் இருந்தன. இரண்டாவது கோப்பு வழக்கமாக அங்கே இருப்பதில்லை. எனவே மின்தடையில் மிஞ்சிய குப்பை என்று கருதி அதை அழித்துவிட்டு மென்பொருளைத் திறந்தார். 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' என்ற பிழைச்செய்தி வந்தது. பழைய நகலை எடுத்துப் போட்டு, இடைப்பட்ட காலத்துக் கணக்கை ரசீதுகளின் கார்பன் நகல்களைப் பார்த்து மறுபடியும் உள்ளிட வேண்டியதாயிற்று. கரண்ட் போனதால் கணக்கு போயிற்று என்றே அந்த ஆலையில் இன்றும் சொல்கிறார்கள்.

உண்மையில் அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதற்காகவே அந்தச் சிறு கோப்பு அங்கே இருந்தது. எஸ்க்யூலைட் கணக்கு இருக்கும் மூலக்கோப்பைப் பக்கங்கள் எனப்படும் சம அளவுத் துண்டுகளாக வைத்திருக்கிறது; தன் இயல்பான அமைப்பில், எந்தப் பக்கத்தையும் மாற்றுவதற்கு முன் அதன் பழைய வடிவத்தை ஜர்னலில் நகலெடுத்து, அந்த நகல் வட்டில் உறுதியாக ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்ட பிறகே மூலக்கோப்பில் கைவைக்கிறது. மூலக்கோப்பின் மாற்றங்களும் வட்டில் ஏறியபின் ஜர்னலை அதுவே அழித்துவிடுகிறது; அப்படி அழிக்கும் கணம்தான் பதிவு நிறைவேறிய கணம். மறுமுறை திறக்கும்போது ஜர்னல் மிச்சமிருந்தால், வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று புரிந்துகொண்டு, பழைய பக்கங்களை அவையவை இருந்த இடத்தில் திரும்ப வைத்து, பதிவு தொடங்குவதற்கு முன்பிருந்த நிலைக்குக் கணக்கைக் கொண்டுவந்துவிடும். மனிதர் ஒருவர் இடையில் புகுந்து ஜர்னலை அழித்தால், அந்தப் பாதி வேலையே முழு வேலை என்று மென்பொருள் நம்பிவிடுகிறது. சில பக்கங்கள் புதியவை, சில பக்கங்கள் பழையவை என்று கோப்பு குழம்பிப்போவதற்கு அதுவே காரணம்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு மென்பொருள் "இதைக் கோப்பில் எழுது" என்று சொன்னவுடன் அது வட்டில் எழுதப்பட்டுவிடுவதில்லை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று பதில் சொல்லிவிடுகிறது. லினக்ஸில் அப்படித் தேங்கிய தரவு, வழக்கமான அமைப்பில், ஏறத்தாழ 30 நொடி வரைகூட வட்டுக்குப் போகாமல் இருக்கலாம். மின்சாரம் போனால் நினைவகத்தில் இருப்பது அத்தனையும் மறைந்துவிடும். அதோடு, தேங்கியிருப்பவற்றை எந்த வரிசையில் வட்டுக்கு அனுப்புவது என்பதையும் இயங்குதளமே முடிவு செய்கிறது. கடைசியில் எழுதியது முதலில் போய்ச் சேரலாம், முதலில் எழுதியது போகாமலே இருக்கலாம். இந்த இரண்டு இடர்களையும் தடுக்க, "இதுவரை எழுதியதையெல்லாம் வட்டில் ஏற்றிவிட்டுப் பதில் சொல்" என்ற தனிக் கட்டளை உண்டு. லினக்ஸில் அதற்கு 'எஃப்சிங்க்' என்று பெயர்; விண்டோஸிலும் அதே வேலையைச் செய்யும் கட்டளை இருக்கிறது. எந்தத் தரவுத்தளமும் தரும் உறுதிமொழி, இந்தக் கட்டளைக்கு வந்த பதிலைப் பார்த்த பிறகு தருவதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

போஸ்ட்கிரெஸ், மைசீக்குவல் போன்ற பெரிய தரவுத்தளங்கள் வேறொரு வழியைக் கையாள்கின்றன. பழைய மண்டிக் கணக்கர்கள் வரவு செலவை அந்தந்த நேரத்தில் நாள்வழிச் சிட்டையில் குறித்துவிட்டு, ஓய்வாக இருக்கும்போது பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றுவது பாதியில் நின்றாலும், சிட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இந்தத் தரவுத்தளங்களும் அப்படியே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'லாக்' எனப்படும் பதிவுக்கோப்பின் கடைசியில் வரிசையாகச் சேர்த்து, அதை மட்டும் வட்டில் ஏற்றிவிட்டு, "பதிவாகிவிட்டது" என்று சொல்கின்றன. மூலக்கோப்புகளை மெதுவாகப் பிறகு திருத்திக்கொள்கின்றன. எஸ்க்யூலைட்டிலும் 2010-இல் வந்த பதிப்பிலிருந்து இந்த முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வசதி உண்டு. மின்சாரம் திரும்பியதும், இந்தத் தரவுத்தளங்கள் லாக்கைப் படித்து, விட்டுப்போன மாற்றங்களை மூலக்கோப்பில் மீண்டும் செய்கின்றன. பதிவுகளோடு சரிபார்ப்பு எண்ணும் சேர்த்து எழுதப்படுவதால், எழுதும்போதே அறுந்துபோன கடைசிப் பதிவை மென்பொருள் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும்.

இந்த மீட்புமுறைக்கு முழு வடிவம் கொடுத்ததில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகன், தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1992-இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்னும் முறைதான், எது நிறைவேறியது, எது பாதியில் நின்றது என்று லாக்கை ஆராய்வது, நடந்தவை அனைத்தையும் மீண்டும் நடத்துவது, நிறைவேறாதவற்றைத் திரும்பப் பெறுவது என்ற மூன்று கட்ட மீட்பை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. பெரிய வணிகத் தரவுத்தளங்கள் பலவற்றின் மீட்பு ஏற்பாட்டுக்கு அதுவே அடிப்படை.

லாக் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் தன் கோப்பை 8 கிலோபைட் பக்கங்களாகவும், மைசீக்குவலில் தரவைச் சேமிக்கும் பகுதியான 'இன்னோடிபி' 16 கிலோபைட் பக்கங்களாகவும் வைத்திருக்கின்றன. வட்டு ஒரே மூச்சில் எழுதும் அலகோ 512 பைட் அல்லது 4 கிலோபைட்தான். ஆகவே ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அந்தப் பக்கத்தின் மேல்பாதி புதியதாகவும் கீழ்ப்பாதி பழையதாகவும் நின்றுவிடக்கூடும். "இந்தப் பக்கத்தில் இன்ன இடத்தில் இன்ன மாற்றம்" என்று லாக்கில் எழுதி வைத்திருந்தாலும், பக்கமே சிதைந்திருக்கும்போது அந்தக் குறிப்பு பயன்படாது. இதற்காகவே போஸ்ட்கிரெஸ், மூலக்கோப்பு முழுவதும் வட்டில் ஏறியதை உறுதிசெய்யும் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும், ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அந்தப் பக்கம் முழுவதையுமே லாக்கில் நகலெடுத்துவிடுகிறது. இன்னோடிபியோ பக்கங்களை முதலில் தனியிடத்தில் ஒருமுறை எழுதி, பிறகு உரிய இடத்தில் மறுமுறை எழுதுகிறது. ஒரே தரவை இருமுறை எழுதுவது வீண் என்று நினைத்து இவற்றை அணைத்துவைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தவறு என்பது அந்த வட்டில் அடுத்த மின்தடை வந்த பிறகே தெரியும்.

அணைத்துவைப்பதற்குத் தூண்டுவது வேகம்தான். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 120 முறைதான் சுற்றுகிறது. ஒவ்வொரு பதிவும் உண்மையாகவே வட்டில் ஏற வேண்டுமானால், வட்டு சுற்றிவரவே ஒரு சுற்று நேரம் வரை, அதாவது நொடியில் ஏறத்தாழ 120-இல் ஒரு பங்கு, காத்திருக்க நேரும். சில அமைப்புகளில் ஒரு பதிவுக்கு இரண்டு மூன்று முறைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். உரக்கடையின் பொருள் பட்டியலில் உள்ள பத்தாயிரம் வரிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிப் பதிவாக ஏற்றினால் நிமிடக்கணக்கில் ஆகும். மென்பொருளை விற்க வந்தவர், வாடிக்கையாளர் எதிரில் அது நத்தைபோல் நகர்வதை விரும்புவதில்லை. எனவே வட்டில் ஏற்றும் கட்டளையையே நிறுத்தும் அமைப்பை இட்டுவிட்டுப் போய்விடுகிறார். எஸ்க்யூலைட்டில் 'சிங்க்ரனஸ்' என்பதை 'ஆஃப்' என்று வைப்பதும், போஸ்ட்கிரெஸில் 'எஃப்சிங்க்' என்பதை 'ஆஃப்' என்று வைப்பதும் இந்த வகை. இவற்றால் கடைசிச் சில பதிவுகள் மட்டும் போவதில்லை; கணக்கு முழுவதுமே சிதைந்துபோகக்கூடும். பத்தாயிரம் வரிகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் கைவிடப்படும் ஒரே தொகுப்புக்குள் அடக்கி, முடிவில் ஒரேயொரு முறை வட்டில் ஏற்றியிருந்தால், பாதுகாப்பைக் குறைக்காமலே அந்த வேலை சில நொடிகளில் முடிந்திருக்கும். வேகத்தை இப்படிச் சம்பாதிக்கத் தெரியாதவர்கள்தான் அதைப் பாதுகாப்பை விற்று வாங்குகிறார்கள்.

இடைநிலை அமைப்புகளும் உண்டு. இன்னோடிபியில் பதிவு முடிந்தவுடன் லாக்கை வட்டில் ஏற்றாமல், நொடிக்கு ஒருமுறை ஏற்றினால் போதும் என்று வைக்கலாம்; கோப்பு சிதையாது, ஆனால் கடைசி ஒரு நொடியின் பதிவுகள் போகலாம். நெல் உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பநிலையை நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்ளும் கணினிக்கு அது போதும். விவசாயியின் கையில் ரசீதைக் கொடுத்துவிட்ட எடைமேடைக் கணினிக்கும், பயிர்க்கடன் தவணையை வாங்கிக்கொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் கணினிக்கும் அது போதாது. அங்கே அச்சான ரசீதுக்கு ஈடான பதிவு வட்டில் இருந்தே தீர வேண்டும். எனவே பதிவு நிறைவேறியது என்ற பதில் வந்த பிறகுதான் மென்பொருள் அச்சுக்கே அனுப்ப வேண்டும். முதலில் அச்சிட்டுவிட்டுப் பிறகு பதிவு செய்யும் மென்பொருள்கள் நம் பகுதியில் புழக்கத்தில் இருக்கின்றன என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

பழைய ஃபாக்ஸ்புரோ கணக்குகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கை அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படுகிறது. மின்தடையில் எண்ணிக்கையும் பதிவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் கோப்பே திறக்காமல் போகலாம். மேலே சொன்ன லாக் போன்ற பாதுகாப்பு அந்தக் கோப்புகளுக்குக் கிடையாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் 'ரீஇன்டெக்ஸ்' செய்து, அதாவது தேடுபட்டியலை மறுபடி கட்டிக்கொண்டிருப்பதைவிட மாறிவிடுவதே நல்லது.

மென்பொருள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், வட்டு ஏமாற்றலாம். வட்டுகளுக்குள்ளேயே தற்காலிக நினைவகம் இருக்கிறது. தரவு அதில் வந்து சேர்ந்ததுமே, நிலையாக எழுதி முடித்துவிட்டதாகப் பதில் சொல்லும் வட்டுகள் உண்டு. பென்டிரைவ்களில் இந்தக் குறை அதிகம். சுழலும் தட்டுக்குப் பதில் மின்னணுச் சில்லுகளில் எழுதும் எஸ்.எஸ்.டி. வட்டுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: எழுதும் நடுவில் மின்சாரம் போனால், அப்போது எழுதியது மட்டுமல்லாமல், எப்போதோ பத்திரமாக எழுதி முடித்ததும் கெடலாம். 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 எஸ்.எஸ்.டி. வட்டுகளை எடுத்து, வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தபோது, அவற்றில் 13 வட்டுகள் ஏதேனும் ஒரு வகையில் தவறின. சர்வர்களுக்கென்று விற்கப்படும் பல எஸ்.எஸ்.டி.களில், மின்சாரம் போன பிறகும் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சக்தியைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிட்டர்கள் உண்டு. விலை கூடுதல்தான், எடைமேடைக் கணினி ஒன்றுக்காவது அதை வாங்குவது வீண்செலவு அல்ல.

இந்தத் துறையின் வல்லுநர்களுக்கே தெரியாமல் இருந்த ஓட்டையும் ஒன்று உண்டு. வட்டில் எழுதுவது தோல்வியடைந்தால் எஃப்சிங்க் கட்டளை பிழை சொல்லும். மறுமுறை கேட்டால் மறுபடி எழுத முயலும் என்றே போஸ்ட்கிரெஸை உருவாக்கியவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். லினக்ஸோ ஒருமுறை பிழை சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தத் தரவை எழுதப்பட்டதாகவே குறித்துக்கொண்டு, மறுமுறை கேட்கும்போது "சரி" என்று சொல்லிவிடக்கூடும் என்பது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன்பின் 2019 பிப்ரவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ் பதிப்புகளில், அந்தப் பிழை வந்தவுடனே தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொண்டு, லாக்கிலிருந்து மீட்டெழும்படி மாற்றினார்கள். அதற்கு முந்தைய பதிப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உடனே மேம்படுத்த வேண்டும்.

யு.பி.எஸ். இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது அவசியம், நானும் எல்லாரிடமும் வாங்கச் சொல்கிறேன். ஆனால் அதன் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழந்து, விளக்கு எரிவதும் சத்தம் கேட்பதும் மட்டும் மிஞ்சும். கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித்தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி எரிந்துபோனாலோ, கூட்டிப் பெருக்குபவர் கால் பட்டு வயர் கழன்றாலோ யு.பி.எஸ். காப்பாற்றாது.

ஆகவே கூட்டுறவுச் சங்கங்களும் ஆலை உரிமையாளர்களும் மென்பொருள் வாங்கும்போது, விலையையும் திரையின் அழகையும் பார்ப்பதோடு, ஒரு சோதனையையும் நிபந்தனையாக வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். உண்மைக் கணக்கு இல்லாத வெற்றுக் கணினியில் மென்பொருளை ஏற்றி, வரிசை எண் இட்ட ரசீதுகளைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கும்போது, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். மென்பொருளை மட்டும் மூடினாலோ, அது தானாக நின்றுபோகச் செய்தாலோ சோதனையாகாது. அப்போது இயங்குதளத்தின் நினைவகம் உயிரோடு இருப்பதால், வட்டில் ஏறாத தரவும் பின்னால் ஏறிவிடும். மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தபின், கடைசியாக அச்சான ரசீதின் எண் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரவுத்தளத்திலேயே உள்ள சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, கோப்பு முழுவதும் நலமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒருமுறை தேறியதும் விட்டுவிடாமல், வேறுவேறு கணங்களில் பலமுறை பிடுங்கிப் பார்ப்பது நல்லது. இதற்கு விற்பவர் தயங்கினால், தயக்கத்தின் காரணத்தை அவரிடமே கேளுங்கள்.

நகல் எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மென்பொருள் திறந்திருக்கும்போது மூலக்கோப்பை மட்டும் பென்டிரைவுக்கு இழுத்துப் போடுவது நகலாகாது. அண்மைப் பதிவுகள் பக்கத்தில் இருக்கும் லாக் கோப்பிலேயே இருக்கக்கூடும். தரவுத்தளத்துக்கென்றே உள்ள நகலெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் மென்பொருளை முழுவதும் மூடிவிட்டு ஃபோல்டர் முழுவதையும் நகலெடுங்கள்.

மின்தடைக்குப் பிறகு கணினி ஏறியதும், எந்தக் கோப்பையும் அழிக்காமல், பெயர் மாற்றாமல், இடம் மாற்றாமல், முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே இன்னொரு வட்டில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மென்பொருளைத் திறந்து அது தன் மீட்பு வேலையைச் செய்து முடிக்கும்வரை காத்திருங்கள். பெரிய கணக்காக இருந்தால் அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். திரை அசையவில்லை என்று பவர் பட்டனை மறுபடி அழுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர்,
மன்னார்குடி.